முப்பது வாரக் குழந்தைக்கு என்ன தெரியும்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தில்லி ஜனக்புரியிலிருந்து 31 வயது வாசகி எழுதியிருக்கிறார். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதால் 27 வாரம் 2 நாளில் அவசர சிசேரியன். பெண் குழந்தை. பிறந்தபோது எடை 920 கிராம், இன்றைக்கு 19 நாள் ஆகிறது. தனியார் மருத்துவமனை ஒன்றின் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு), மூக்கு வழியே அழுத்தக் காற்று தரும் சி-பேப் கருவியுடன் இருக்கிறாள். அம்மாவுக்குக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் அனுமதி.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதைப் பார்த்துப் பதறிக் கேட்டபோது, பணியில் இருந்தவர் "அதுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றாராம். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார், "ஏழாம் மாசம் முடிஞ்சாத்தான் உயிர் முழுசா ஒட்டும், இவ அதுக்கு முன்னாடியே வந்துட்டா" என்கிறார். கணவர் காட்டும் வீடியோவோ, எட்டு வாரத்திலேயே கருவுக்கு மூளை அலை வந்துவிடும், அப்போதிலிருந்து எதையும் மறக்காது என்கிறது. வாசகியின் கேள்விகள் இவை: அவளுக்கு வலிக்கிறதா? நான் பக்கத்தில் இல்லாதது தெரிகிறதா? இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வாளா? இன்குபேட்டருக்குள் மொபைலில் சுலோகம் போடலாமா? கண் பரிசோதனை வேதனை என்கிறார்களே, தள்ளிப்போடலாமா? ஆஸ்பத்திரியை மாற்றலாமா? ஐந்தாம் மாதத்தில் வீட்டுச் சண்டையில் நிறைய அழுதேன், அதனால்தான் இப்படி ஆயிற்றா? (கண் பரிசோதனை பற்றிய பதிலை மட்டும் அவசரம் கருதி அவருக்கு முன்பே அனுப்பிவிட்டோம்.)

முதலில், அழுகையைப் பற்றி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்குள்ளும் அந்த பயம்தான் ஓடுகிறது. உங்களுக்கு வந்தது பிரீஎக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோய். நஞ்சுக்கொடி கருப்பையில் பதியும்போது அங்குள்ள ரத்தக் குழாய்கள் போதுமான அளவு விரியாமல் போவதில் இது தொடங்குகிறது. அதாவது ரத்த அழுத்தம் ஏறுவதற்குப் பல வாரங்கள் முன்பே. ஐந்தாம் மாதத்தில் அழுதது இதை உண்டாக்கவில்லை. அந்த அழுகையின் காரணம் என்னவென்று கருவுக்குப் புரியவும் இல்லை. புரிவதற்கான அமைப்பு அப்போது அவளிடம் கிடையாது.

எந்த வாரத்தில் என்ன வருகிறது

மாமியார், வீடியோ, பணியில் இருந்தவர் ஆகிய மூவரும் ஒரே தவறைத்தான் மூன்று விதமாகச் செய்கிறார்கள். உணர்வு என்பது ஒரு நாள் வந்து சேர்கிற ஒற்றைப் பொருள், ஒன்று இருக்கும் அல்லது இருக்காது என்று எடுத்துக்கொள்கிறார்கள். விழித்திருப்பது ஒன்று. வெளிச்சம், தொடுகை, வலி ஆகியவற்றை உணர்வது இன்னொன்று. 'இது நான், இது எனக்கு நடக்கிறது' என்று அறிவது மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வேகத்தில் வருகின்றன. கடைசியாகச் சொன்னது வர ஒன்றரை வயதாவது ஆகும். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று குழந்தைகள் பொதுவாக அந்த வயதையொட்டித்தான் கண்டுகொள்கிறார்கள்.

கரு உருவாகிச் சுமார் 28 நாளில் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் மூடுகிறது. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் கர்ப்பக் கணக்கில் ஏழெட்டு வாரத்தில் கரு அசையத் தொடங்குகிறது, உதட்டருகே தொட்டால் தலையைத் திருப்புகிறது. வீடியோக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். அந்த அசைவுகளைத் தண்டுவடமும் மூளைத்தண்டும் மட்டுமே நடத்துகின்றன. அறிவதற்கும் உணர்வதற்கும் நாம் நம்பியிருக்கும் பெருமூளைப் புறணி, அதாவது பெருமூளையின் மேலடுக்கு, அப்போது இன்னும் உருவாகவே ஆரம்பிக்கவில்லை. எட்டு வாரத்து 'மூளை அலை' என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை.

புலன்களிலிருந்து வரும் செய்தி புறணிக்குப் போக வேண்டுமானால் மூளையின் நடுவிலுள்ள தலாமஸைத் தாண்ட வேண்டும். தலாமஸிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் நேராகப் புறணிக்குள் நுழைவதில்லை. அதற்கு அடியிலுள்ள சப்பிளேட் என்ற தற்காலிக அடுக்கில் வாரக்கணக்கில் காத்திருக்கின்றன, நம்ம ஊரிலிருந்து வரும் ரயில் புதுதில்லிக்குள் நுழையாமல் அவுட்டரில் நிற்பதுபோல. 24 வாரத்தையொட்டி அவை புறணிக்குள் நுழையத் தொடங்குகின்றன; அடுத்த சில வாரங்களில் இணைப்புகள் பலப்படுகின்றன. சப்பிளேட் அடுக்கு பின்னர் படிப்படியாகக் கரைந்துபோகும். அது வெறும் காத்திருப்பு இடமா, அங்கேயே ஏதாவது உணரப்படுகிறதா என்பதில்தான் இன்றைய வாதத்தின் பாதி இருக்கிறது.

மூளையின் மின்னோட்டத்தை அளக்கும் ஈ.ஈ.ஜி. பதிவும் இதே கதையைச் சொல்கிறது. 25 வாரக் குழந்தையின் மூளை மின்னோட்டம் திடீரென்று பொரிந்து, பிறகு பல விநாடிகள் ஏறத்தாழ அடங்கிவிடும். 30 வாரத்தையொட்டி அந்த இடைவெளிகள் குறைகின்றன. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் வேறுபாடு தெரியத் தொடங்குகிறது. வயிற்றில் இருந்த 27 வாரம் 2 நாளோடு வெளியே வந்த 19 நாளையும் கூட்டினால், உங்கள் மகளுக்கு இன்று சரியாக 30 வாரம். அவள் இருப்பது இந்த வாசற்படியில்தான்.

வல்லுநர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. 2005இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க மதிப்பாய்வு, 29-30 வாரத்துக்கு முன் கருவுக்கு வலியுணர்வு இருக்க வாய்ப்புக் குறைவு என்றது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2010இல் 24 வாரம் என்ற எல்லையைச் சொன்னது. 2022இல் அதை 28 வாரம் என்று மாற்றியது. இதற்கிடையே 2020இல் டெர்பிஷயர், பொக்மன் என்ற இருவர் சேர்ந்து, புறணியே தேவையில்லை, 12 வாரத்திலேயே ஏதோ ஒரு வகை வலி சாத்தியம் என்று வாதிட்டார்கள். கருக்கலைப்பு விஷயத்தில் அந்த இருவரும் எதிரெதிர்த் தரப்பு என்பது கவனிக்கத்தக்கது. புறணி ஏறக்குறைய இல்லாமலே பிறக்கும் சில குழந்தைகள் பழகியவர்களைக் கண்டு சிரிப்பதையும் இசைக்கு மகிழ்வதையும் சுட்டிக்காட்டி, மூளைத்தண்டுக்கே ஒரு அடிப்படை உணர்வு உண்டு என்று 2007இல் பியோர்ன் மெர்க்கர் எழுதினார். எதிர்ப்பக்கத்தில், பார்த்த ஒன்றை 'பார்த்தேன்' என்று மூளை பதிவு செய்வதற்கான அடையாளத்தை 2013இல் ஒரு பிரெஞ்சுக் குழு 5 மாதக் குழந்தைகளிடம் தேடியது. அடையாளம் இருந்தது, ஆனால் மங்கலாகவும், பெரியவர்களைவிட மிகத் தாமதமாகவும்.

ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன வார எல்லைகள் வயிற்றுக்குள் இருக்கும் கருவுக்கானவை. வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. கருப்பையில் ஆக்ஸிஜன் குறைவு. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் சில ஸ்டீராய்டுகளும் அடினோசின் என்ற பொருளும் கருவைத் தூக்க நிலையிலேயே வைத்திருப்பதாக ஆட்டுக் கருக்களில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. பிறந்தவுடன் அந்தத் தாலாட்டு அறுபடுகிறது. நாரட்ரினலின் என்ற ஹார்மோன் பெருகி மூளையை எழுப்புகிறது. ஆகவே உள்ளே இருக்கும் 30 வாரக் கருவைவிட, இன்குபேட்டரில் இருக்கும் உங்கள் 30 வார மகள் அதிகம் விழித்திருக்கிறாள்.

"ஒண்ணும் தெரியாது" என்பது தவறு

1980கள் வரை குறைமாதக் குழந்தைகளுக்குத் தசை இயக்கத்தை நிறுத்தும் மருந்தும் சிறிது நைட்ரஸ் ஆக்ஸைடு மயக்க வாயுவும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்து அறுவை செய்ததுண்டு. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்தும் சக ஆய்வாளர்களும் 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஃபென்டனில் என்ற வலிநீக்கியும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்கு உடலழுத்த (ஸ்ட்ரெஸ்) ஹார்மோன்கள் குறைவாகச் சுரந்தன, அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. அதன் பிறகு 'தெரியாது' என்று சொல்லிக் கடந்துபோக மருத்துவத்துக்கு வழியில்லாமல் போயிற்று. 2006இல் லண்டன் ஆய்வாளர்கள், குதிகாலில் குத்தும்போது 25 வாரக் குழந்தையின் புறணியிலேயே ரத்த ஓட்டம் மாறுவதைக் கண்டார்கள். ஆனால் 2011இல் அதே துறையினர் காட்டியது இன்னொரு பக்கம்: சாதாரணத் தொடுகையையும் குத்தலையும் மூளை தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது 35-37 வாரத்தில்தான். அதற்கு முன் இரண்டுக்கும் ஒரே மாதிரியான பொதுப் பொரிவு.

ஆக, உங்கள் மகளின் வலி நம் வலி போன்றதா என்று சொல்ல முடியாது. அவள் உடலும் மூளையும் அதற்குப் பதில் சொல்கின்றன என்பது உறுதி. இந்தச் சந்தேகத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் யோசனை. வலி விஷயத்தில் அவளுக்குத் தெரியும் என்றே வைத்து நடங்கள். தவறாகிப் போனாலும் நஷ்டம் சில சொட்டுத் தாய்ப்பால்தான். நினைவு விஷயத்தில் அவள் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள் என்று வைத்து நடங்கள். நிகழ்ச்சிகளைச் சேமித்துப் பின்னர் எடுத்துத் தரும் ஹிப்போகாம்பஸ் அமைப்பு அவளிடம் இன்னும் முதிரவில்லை. யாருக்குமே முதல் இரண்டு ஆண்டுகள் நினைவிருப்பதில்லை. 'அம்மா வரவில்லை' என்ற குறை அவளுக்குள் உட்கார்ந்திருக்காது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் வலி, நினைவாக இல்லாவிட்டாலும், வளரும் மூளையிலும் உடலழுத்த அமைப்பிலும் தடம் விடக்கூடும் என்று தொடர் ஆய்வுகள் சொல்கின்றன. பாரிஸ் பகுதியில் 430 குழந்தைகளைக் கவனித்து 2008இல் வெளியான ஆய்வில், ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 வலி தரும் செயல்கள் நடந்திருந்தன; பெரும்பாலானவற்றுக்குத் தனி வலித்தடுப்பு எதுவும் தரப்படவில்லை.

குத்தும்போது கேட்க வேண்டியவை

"இன்று என்ன ரத்தப் பரிசோதனை, எல்லாவற்றையும் ஒரே குத்தலில் எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். குத்தலுக்கு 2 நிமிடம் முன் நீங்கள் கறந்து வைத்த பாலைச் சில சொட்டு நாக்கில் விடலாம், அல்லது மருத்துவமனையில் தயாராக உள்ள 24 சதவீத சுக்ரோஸ் கரைசலை 0.1 முதல் 0.5 மில்லி வரை மருத்துவர் சொல்லும் அளவில் தரலாம். வீட்டில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுபோகவே கூடாது. சுக்ரோஸ் முகச் சுளிப்பைக் குறைக்கிறதே தவிர மூளையின் பதிலைக் குறைக்கவில்லை என்று 2010இல் ஒரு ஆய்வு சொன்னது. அதனால் அதை மட்டும் நம்பாமல் கையணைப்பையும் சேர்க்க வேண்டும். ஒரு உள்ளங்கையைத் தலையில் தொப்பி போல வையுங்கள், மற்றதால் மடக்கிய கால்களை வயிற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். அசைக்காமல், தடவாமல் பிடிக்க வேண்டும். இந்த வாரத்துத் தோலுக்கு வருடல் இதமாக இருக்காது, எரிச்சலே.

வலியை அளக்க மருத்துவமனைகளில் பி.ஐ.பி.பி. என்ற மதிப்பெண் முறை உண்டு. புருவம் புடைத்தல், கண்ணை இறுக்குதல், மூக்கோர மடிப்பு, இதயத்துடிப்பு, ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றோடு வாரக் கணக்கையும் சேர்த்துப் போடுவார்கள். 12க்கு மேல் போனால் குறிப்பிடத்தக்க வலி. மிகச் சிறிய குழந்தைகள் வலியில் அழாமல் துவண்டு போவதும் உண்டு; அமைதியாக இருக்கிறாளே என்று ஏமாற வேண்டாம். அதற்காக 'எப்போதும் மார்ஃபின் கொடுங்கள்' என்று கேட்பதும் சரியல்ல. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகளுக்கே வழக்கமாக மார்ஃபின் ஓடவிடுவதால் மொத்தத்தில் நன்மை தெரியவில்லை. ரத்த அழுத்தம் விழுவது போன்ற தொல்லைகள்தான் கூடின.

கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

இதில் பேரமே இல்லை. 28 வாரத்துக்கு முன் அல்லது 1200 கிராமுக்குக் கீழ் பிறந்த குழந்தைக்கு, பிறந்து 2-3 வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் ஆர்.ஓ.பி. நோய் முற்றினால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை தேவைப்படும். தவறினால் பார்வை போய்விடும். வேதனையைக் குறைக்க வழிகள் உண்டு. கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டுக்குப் பின் மரப்புச் சொட்டு, துணியில் சுற்றி அணைத்தல், வாயில் பால் அல்லது சுக்ரோஸ், முடிந்தபின் அரை மணி நேரம் விளக்கைக் குறைத்து ஓய்வு. பரிசோதனை நேரத்தில் துடிப்போ ஆக்ஸிஜனோ இறங்கினால் இடையில் நிறுத்தச் சொல்வது வழக்கம்தான், பயப்பட வேண்டாம்.

குரலும் சுலோகமும்

அபிமன்யு சக்கர வியூகத்தைக் கேட்டது கதை. ஆனால் கடைசி மாதங்களில் கரு குரலைக் கேட்டுப் பழகுவது உண்மை. பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் தாயின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பும் வேகத்தை மாற்றுவதை 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். சொல் போய்ச் சேராது, ஏற்ற இறக்கமும் சந்தமும் போய்ச் சேரும். உங்கள் மகள் இழந்திருப்பது அந்தக் கடைசி 12-13 வாரத்து மங்கலான அம்மா குரலை.

அதைத் திருப்பித் தர மொபைல் உதவாது. என்.ஐ.சி.யூ.வில் சத்தம் 45 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. இன்குபேட்டர் ஒரு பெட்டி. உள்ளே ஒலி எதிரொலிக்கும், கதவை வேகமாக மூடினாலே 80ஐத் தாண்டும். மேலே ஃபைலை வைப்பதும் விரலால் தட்டுவதும் அவளுக்கு இடி. மொபைலில் கிருமியும் அதிகம். நீங்களே, நேரில், மெல்லிய குரலில், ஐந்தாறு நிமிடம் பேசுங்கள் அல்லது பாடுங்கள். சுலோகமானாலும் சரி, சினிமாப் பாட்டானாலும் சரி. பேசும்போது தொடாதீர்கள், தொடும்போது பேசாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு தூண்டல்தான் அவளால் தாங்க முடியும். விரல்களை விசிறி போல விரிப்பது, கொட்டாவி, விக்கல், நிறம் மாறுவது எல்லாம் 'போதும்' என்பதன் அடையாளம். கை வாயருகே போய், மூச்சு சீராக இருந்தால் தொடரலாம்.

15 நிமிடம் போதாது: உரிமையும் பேச்சும்

இங்கேதான் உங்கள் சக்தியைச் செலவிடச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2022இல், குறைமாதக் குழந்தைகளுக்குக் கங்காரு முறையை (குழந்தையை மார்பில் தோலோடு தோலாக அணைத்து வைப்பது) இயன்றவரை சீக்கிரம் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் தர வேண்டும் என்றது. அதற்கு அடிப்படையான 2021ஆம் ஆண்டு ஆய்வின் ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இங்கே நடந்த இடம் தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. உடனே தொடங்கிய பிரிவில் 28 நாளுக்குள் இறப்பு 12.0 சதவீதம், மற்றதில் 15.7. அதில் சேர்க்கப்பட்டவை 1 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகள். உங்கள் மகள் சற்றுக் கீழே பிறந்தவள் என்பதைச் சொல்லியாக வேண்டும். சி-பேப் இருப்பது தடையல்ல. அடிக்கடி மூச்சு நின்றுபோவது, ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடுவது போன்றவை இருந்தால் காத்திருக்கச் சொல்வார்கள், அது நியாயம்.

குடும்பத்தினரைப் பராமரிப்பில் சேர்க்கும் முறை தில்லி ராம் மனோகர் லோஹியா மருத்துவமனையில் தொடங்கி, 2017இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலாக வந்தது. அது அரசுப் பிரிவுகளுக்கானது. தனியார் மருத்துவமனையைச் சட்டப்படி கட்டாது. ஆகவே 'என் உரிமை' என்று தொடங்கினால் கதவு இறுகும். பிரிவின் தலைமை நியோனட்டாலஜிஸ்டுக்கு (பச்சிளங்குழந்தை மருத்துவர்) ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: கங்காரு முறை எப்போது தொடங்கலாம், இப்போது இல்லையென்றால் எந்த அளவுகோல் நிறைவேற வேண்டும், ரத்தம் எடுக்கும் நேரத்தில் கையணைப்புக்கு நான் இருக்கலாமா. எழுத்தில் கேட்டால் எழுத்தில் காரணம் வரும். நீங்கள் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடியது மருத்துவப் பதிவுகள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. தில்லி என்.ஐ.சி.யூ.க்களில் மலையாளி நர்சுகள் நிறைய. உங்கள் தமிழ் அவர்களுக்குப் பாதிக்கு மேல் புரியும். முதல் உதவி அங்கிருந்தே வரலாம்.

அனுமதி கிடைத்தால்: முழங்கை வரை 2 நிமிடம் கை கழுவுங்கள், மோதிரமும் வளையலும் வெளியே. தாலி மஞ்சள் கயிறாக இருந்தால் ஈரம் தங்கும், உருக்கள் குழந்தையின் தோலில் அழுந்தும். கழற்ற மனமில்லையென்றால் முதுகுப்பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். சாய்வு நாற்காலியில் அமர்ந்து, மார்புக்கு நடுவே நிமிர்த்தி, தலையை ஒருபக்கம் திருப்பி, தாடை நெஞ்சில் இடிக்காமல் வைப்பார்கள். ஒருமுறை எடுத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். எடுத்து மாற்றுவதுதான் அவளுக்குக் கடினம், அதை அடிக்கடி செய்யக் கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் அன்று கணவர் வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையை மாற்றுவது இப்போதைக்குக் கடைசி வழி. ஒரு கிலோவை ஒட்டிய குழந்தையைத் தில்லி நெரிசலில் கொண்டுபோவதில் உடல் குளிர்வது, குழாய் நழுவுவது, மூச்சு நிற்பது என்று ஆபத்துகள் வரிசையாக உண்டு. சிகிச்சைத் தரத்திலேயே குறை தெரிந்தால், போகும் இடத்தில் படுக்கையை உறுதி செய்துகொண்டு, பயண இன்குபேட்டரும் பயிற்சி பெற்ற குழுவும் உள்ள ஆம்புலன்ஸில் மட்டும் யோசியுங்கள். பார்வை நேரத்துக்காக மட்டும் வேண்டாம்.

தூக்கத்தில் வந்த சிரிப்பு

கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள்: தூக்கத்தில் சிரித்தாள், மாமியார் 'நரி விரட்டுது' என்றார், எனக்கோ அவள் என்னைக் கண்டுகொண்டாள் என்று தோன்றியது. இந்த வயதில் நாளின் பெரும்பகுதி உறக்கம், அதிலும் பெரும்பகுதி கண் உருளும் துடிப்பான உறக்கம். அப்போது மூளைத்தண்டு தானாகவே முகத் தசைகளை இயக்கும். முகம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு, பிரசவத் தேதியிலிருந்து கணக்கிடும் திருத்திய வயதில் 6 முதல் 8 வாரத்தில் வரும். உங்கள் மகளுக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணினால் நாலரை மாதமாகும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். திருத்திய வயதில் 3 மாதம் கடந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையென்றால் அப்போது கண்ணையும் காதையும் வளர்ச்சியையும் சேர்த்துக் காட்டுங்கள்.